காசி அல்வாவும் ஒரு ஃப்ரீ டெஸ்டும்

போன மாசம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். அவ்ளோதான் வேலை. போகணும், கையை நீட்டணும், வரணும்.

இதுல என்ன வம்பு வரப்போகுதுன்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

விஷயம் இதுதான். எங்க அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். வண்டலூர்ல மண்டபம். சமையல்காரர் காசி அல்வாவுல பேர் வாங்கினவர். அக்கா போன்ல மெனுவைப் படிச்சப்போ அல்வாவுக்கு அப்புறம் சொன்னது எதுவுமே என் காதுல ஏறல.

என் மனைவி சுமதி மட்டும் சட்டம் போட்டா. "ஏங்க, போன வருஷமே டாக்டர் சுகர் பார்டர்ல இருக்குன்னாங்க. டெஸ்ட் எடுங்க. டாக்டர் வாயால நார்மல்னு சொன்னா அல்வா. இல்லேன்னா மோர் சாதத்தோட எழுந்துக்கணும்."

போன வருஷத்துலேர்ந்து எங்க வீட்டுல சர்க்கரை டப்பாவே கிடையாது. சுத்த பத்தமான வீடு.

ஆனா தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்கு நடக்கற வழியில ஒரு ஜிலேபிக் கடை இருக்கு. சாயங்காலம் ஆனா சுடச்சுட எடுத்துப் போடுவாங்க. கடையை அங்க வெச்சது நானா?

சரி, டெஸ்டுக்குத் தயாரானேன். நம்ம ஊர்ல சுகர் டெஸ்ட்டுக்குன்னு ஒரு முறை இருக்கு. தேதி குறிச்சதும் பத்தியம் ஆரம்பிக்கணும். டெஸ்ட் முடிஞ்ச கையோட பொங்கல் வடைக்குத் திரும்பிடணும். எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான். நான் காலேஜ்லயே கடைசி வாரம் படிச்சு பாஸான ஆளு. எனக்குச் சொல்லித் தரணுமா?

பாகற்காய் ஜூஸ், ஊறவெச்ச வெந்தயம், பீட்ரூட், ராத்திரிக்குக் கேழ்வரகு அடை. ஜிலேபிக் கடை வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். சுமதி என்னை ஒரு மகான் மாதிரி பார்த்தா!

டெஸ்ட் அன்னிக்கு வெறும் வயித்தோட இரும்புலியூர் லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கற பொண்ணு கேட்டா. "சார், இந்த பேக்கேஜ்ல ஒரு டெஸ்ட் ஃப்ரீ. ஹெச்பிஏ1சி. போடட்டுமா?"

"ஃப்ரீயா?"

"ஆமா சார்."

"தனியா ஊசி குத்துவீங்களாம்மா?"

"இல்ல சார், இதே ரத்தம்தான். இதுக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்ல. எப்ப எடுத்தாலும் ரிசல்ட் அதேதான்."

எப்ப எடுத்தாலும் அதே ரிசல்ட்டா! இவ்ளோ சுலபமான பரீட்சையா! போடும்மான்னு சொல்லிட்டேன். அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கத் தோணல. ஃப்ரீயா கொடுக்கறதுக்கு யாரு அர்த்தம் கேப்பாங்க?

அடுத்து, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம். ரெண்டே இட்லி சாப்பிட்டேன். மீதி நேரத்துல நடந்தா சர்க்கரை குறையும்னு ஜி.எஸ்.டி. ரோட்டுல நடக்க ஆரம்பிச்சேன். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. கொஞ்ச நேரத்துல கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சு.

ஒரு ஆட்டோ பக்கத்துல வந்து நின்னுது.

"இன்னா சார், காலங்காத்தாலயே ஏத்திக்கினியா? தள்ளாடிக்கினு போறே?"

"ஐயோ, குடிக்கலண்ணா. சுகர் டெஸ்ட்டு."

"டெஸ்ட்டுக்கு இன்னாத்துக்கு சார் ரோட்ல சுத்திக்கினு கீறே?"

"நடந்தா ரிசல்ட் குறையும்ணா."

"மூஞ்சி வெளுத்துப் போய் கீது. அதோ கரும்பு ஜூஸ் கடை. ஒண்ணு அடி, தெளிஞ்சுடும்."

"ஐயையோ! ரிசல்ட் ஏறிடும்!"

அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "நீ உயிரோட இருந்தாத்தானே சார் ரிசல்ட்டை வாங்குவே?"

நியாயமான கேள்விதான். ஆனா எனக்கு அல்வா முக்கியம். தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சேன். அவரே லேப் வாசல்ல கொண்டுவந்து இறக்கிட்டு, "மெண்டல் கேஸ்" னு முணுமுணுத்துக்கிட்டே போனாரு.

சாயங்காலம் போன்ல ரிசல்ட் வந்துச்சு. வெறும் வயித்துல 98. சாப்பிட்டப்புறம் 136. சுமதி சந்தோஷத்துல ஓடி வந்தா. கடைசி வரியில மட்டும் ஹெச்பிஏ1சி 8.4ன்னு போட்டு, பக்கத்துல சிவப்புல 'ஹை'.

"இது என்னங்க?"

எனக்கு என்ன தெரியும்? எங்க வாக்கிங் கோஷ்டியில ராஜகோபால் சார்னு ஒருத்தர் இருக்காரு. ரிட்டயரானவர். உலகத்துல இருக்கற எல்லா டெஸ்ட்டையும் எடுத்துப் பார்த்தவர். கிரியாட்டினின்னா கிட்னி, எஸ்ஜிபிடின்னா லிவர்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாரு. அவருக்கு போன் போட்டேன்.

"ஹெச்பின்னா ஹீமோகுளோபின்ப்பா. ஹைன்னா ரத்தம் நல்லா ஊறியிருக்குன்னு அர்த்தம். என்ன சாப்பிட்ட?"

"பீட்ரூட் சார்."

"அதான்!"

"அப்போ ஏ ஒன்னு, சி ன்னு பின்னாடி என்னமோ இருக்கே சார்?"

"அதெல்லாம் லேப்காரங்க குறிப்புப்பா. நமக்கெதுக்கு?"

தீர்ந்துச்சு சந்தேகம். சுமதி உடனே எங்க அக்காவுக்கு போன் போட்டா. "அவருக்கு சுகர் நார்மல் அண்ணி. ரத்தம்கூட ஏறியிருக்கு!" நான் எங்க குடியிருப்பு வாட்ஸப் குரூப்ல ரிசல்ட்டையே போட்டேன். பூங்கொத்தா வந்து குவிஞ்சுது. ஒருத்தர் பீட்ரூட் எந்தக் கடையில வாங்கினீங்கன்னு கேட்டாரு. மூணாவது மாடியில ஃபார்மஸி படிக்கிற பொண்ணு மட்டும், "அங்கிள், சீக்கிரமா டாக்டரைப் பாருங்க" ன்னு போட்டா. சின்னப் பொண்ணு, பொறாமைன்னு விட்டுட்டேன்.

மறுநாள் டாக்டர்கிட்ட போனோம். நான் ஒரு ஸ்வீட் பாக்ஸ் வேற வாங்கிட்டுப் போய் டாக்டர் மேஜையில வெச்சேன்!

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தாங்க.

"சார், எத்தனை நாளா பத்தியம் இருந்தீங்க?"

"பத்தியமா? நான் எப்பவுமே இப்படித்தான் டாக்டர்."

"அப்போ இந்த 8.4?"

"அது பீட்ரூட்ல ஏறினது டாக்டர்."

அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க.

"சார், இது ஹீமோகுளோபின் அளவு இல்ல. ரத்தத்துல சுத்தற சர்க்கரை ஹீமோகுளோபின்ல போய் ஒட்டிக்கும். ஒட்டினா லேசுல போகாது. எவ்ளோ ஒட்டியிருக்குன்னு பார்க்கறதுதான் இந்த டெஸ்ட். வெறும் வயித்து ரிசல்ட் நேத்துக் காலையில நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்லும். இது மூணு மாசமா எப்படி இருந்தீங்கன்னு சொல்லும்."

மூணு மாசத்துக்கு எத்தனை ஜிலேபின்னு மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

சுமதி விடல. "டாக்டர், லேப்ல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க. எங்க வீட்டுல சர்க்கரை டப்பாவே இல்ல."

"வீட்டுல இல்லம்மா, சரி. ரத்தத்துல இருக்கே."

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க.

"ஆஃபீஸ்ல பர்த்டே கேக்..." னு இழுத்தேன்.

"மூணு மாசமா தெனமும் பர்த்டேவா சார்?" ன்னாங்க டாக்டர்.

அதுக்கு மேல முடியல. ஸ்டேஷன், ஜிலேபிக் கடை, சுடச்சுட, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிட்டேன். போலீஸ் அடிச்சிருந்தாக்கூட கொஞ்சம் மறைச்சிருப்பேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஸ்வீட் பாக்ஸைப் பத்திரமா என் கையிலயே திருப்பிக் கொடுத்தாங்க. அதை சுமதி வாங்கி ரிசப்ஷன் பொண்ணுகிட்ட கொடுத்துட்டா.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது சுமதி சொன்னா.

"உங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு நானும் ஒரு வருஷமா சர்க்கரை இல்லாமத்தான் காபி குடிக்கிறேன்."

உண்மையைச் சொல்லணும்னா, அந்த இடத்துல நான் கூனிக் குறுகிப் போயிட்டேன். வீட்டுல டப்பா இல்லேன்னா அவ காபிக்கும் சர்க்கரை இல்லேங்கறது எனக்கு உறைக்கவே இல்ல. உறைச்சிருந்தா ஜிலேபியை விட்டிருப்பேனான்னு கேக்காதீங்க. ரெண்டுலேர்ந்து ஒண்ணாக் குறைச்சிருப்பேன்.

கல்யாணத்தன்னிக்கு சுமதி என் பக்கத்துலயே உக்காந்தா. இலை போட்டாச்சு. பளபளன்னு நெய் மின்ன, அல்வா வாளி வரிசையா இறங்கி வந்துச்சு. பரிமாறினவர் என் இலைக்கு நேரா கரண்டியைத் தூக்கினாரு.

"சாருக்கு அல்வா?"

சுமதி நிமிராமலே சொன்னா: "வேணாங்க. அவர் மூணு மாசமா சாப்பிட்டு முடிச்சுட்டாரு."