எக்ஸ்ரே பிரகாசத்தின் மூன்று மெமோக்கள்

மனிதனுக்கு இதயம் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அடையாறு சகலநலம் மருத்துவமனையில் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வந்த நடைமுறை. எக்ஸ்ரே பிரிவு பிரகாசம் இருபத்தொன்பது வருடம் அந்த நடைமுறைக்கு உட்பட்டே படம் எடுத்தார். ஒரு மெமோ வாங்கியதில்லை. மார்ச்சில் ஓய்வு. மெமோ வாங்காமல் ஓய்வு பெறுகிறவருக்கு ‘மாசற்ற பணி’ என்று கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை மாட்டுவதற்காக சாந்தோம் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து ஆறு மாதமாகிறது. மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஜனவரியில் திருவான்மியூர் ஆட்டோ டிரைவர் கபாலி இருமலோடு வந்தார். படத்தில் அவர் இதயம் வலப்பக்கம் இருந்தது.

“படத்தைத் திருப்பிப் போட்டிருக்கீங்க, பிரகாசம்,” என்றார் தலைமை மருத்துவர் அச்யுத், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொரு படம் எடுத்தார். அதிலும் வலப்பக்கம்.

“சார், கைய வெச்சுப் பாரு சார். இந்தப் பக்கம்தான் துடிச்சிக்கினு கீது,” என்று கபாலி சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. உங்க இதயத்தைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்.”

டாக்டரின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. போட்டோ எடுத்துக்கொள்ளும் நாட்களில் அது பயன்படும்.

அன்று சாயங்காலமே நிர்வாக அதிகாரி சுப்புராயனிடமிருந்து மெமோ வந்தது. ‘நோயாளியின் இதயத்தை உரிய இடத்தில் காட்டத் தவறியமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.’

மறுநாள் பயிற்சி மருத்துவர் மாளவிகா, விவரம் தெரியாத பெண், கபாலியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டாள். இதயம் வலப்பக்கம்தான். கல்லீரல், குடல்வால் எல்லாமே இடம் மாறி அமைந்த உடம்பு. பத்தாயிரத்தில் ஒருவருக்கு அப்படி இருக்குமாம். அடுத்த ஒரு மணி நேரத்தில் அச்யுத் அதைக் கண்டுபிடித்தார். பேப்பரில் படம் வந்தது. அதில் அச்யுத் முழுசாக இருந்தார், கபாலியின் முழங்கை ஓரமாக இருந்தது.

பிரகாசம் மெமோவை ரத்து செய்யச் சொல்லிப் போய் நின்றார்.

“எப்படிய்யா முடியும்?” என்றார் சுப்புராயன். “மெமோ திங்கட்கிழமை கொடுத்தது. கண்டுபிடிச்சது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை அந்த ஆளுக்கு இதயம் இடப்பக்கம்தான்.”

பேப்பரில் வந்ததும் ஊருக்குப் பித்துப் பிடித்தது. மயிலாப்பூரிலிருந்து பாட்டு டீச்சர் நீரஜா காரில் வந்து இறங்கினார்.

“டாக்டர், எங்காத்துல எல்லாருக்கும் வெறும் சுகர்தான். வெளில சொல்லிக்க முடியறதா? அசோக் நகர்ல என் நாத்தனாருக்கு மண்ணீரல் ரெண்டு இருக்காம். தெனம் போன் பண்ணிச் சொல்லிண்டிருக்கா. எனக்கும் ஏதாவது பார்த்துப் போடுங்கோ.”

கபாலி மாதிரி இதயம் வலப்பக்கம் இருக்கிற இருபத்தைந்து பேர் சேர்ந்தால் மருத்துவமனைக்குச் ‘சிறப்பு மையம்’ என்ற பட்டம் கிடைக்கும். பிப்ரவரி முழுக்கப் பிரகாசம் எடுத்த இருநூறு படத்திலும் இதயம் பிடிவாதமாக இடப்பக்கமே இருந்தது. இரண்டாவது மெமோ வந்தது. ‘இலக்கை எட்டுவதில் காட்டிய மெத்தனத்துக்கு.’

“இதயம் மாற மாட்டேங்குதுன்னா படத்தை மாத்துங்க,” என்றார் சுப்புராயன். “கம்ப்யூட்டர்ல படத்தைத் திருப்பற பட்டன் ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? ரெண்டு மெமோவையும் கிழிச்சிடறேன்.”

பிரகாசம் ஆணியை நினைத்தார். எடுக்கிற படமெல்லாம் தானாகவே இடவலம் திரும்பி வரும்படி கம்ப்யூட்டரில் செட் பண்ணினார். ஒரே வாரத்தில் இருபத்தைந்து பேர் தேறினார்கள். மெமோ இரண்டும் கிழிந்தன. நீரஜாவுக்கு ‘வலப்பக்க இதயம்’ என்று ஏழாம் எண் சான்றிதழ் கிடைத்தது. கச்சேரி அழைப்பிதழில் அதையும் போட்டுக்கொண்டார்.

மார்ச் நடுவில் கபாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். குடல்வால் வீங்கிவிட்டது, உடனே ஆபரேஷன். அதற்கு முன் விதிப்படி ஒரு நெஞ்சுப் படம். அந்தப் படமும் இடவலம் திரும்பி வந்தது. கபாலியின் இதயம் லட்சணமாக இடப்பக்கம் இருந்தது.

“சாதா கேஸ் ஆயிட்டாரே!” என்று அச்யுத்துக்கு வருத்தம். “அப்ப குடல்வால் வலப்பக்கம். அங்கயே திறந்துடலாம்.”

“வலி இந்தப் பக்கம் கீது சார்!” என்று கபாலி இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

“வலியில அவருக்கு எது இடம், எது வலம்னு தெரியல. மயக்க ஊசி போடுங்க.”

பிரகாசம் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சரின் குறுக்கே போய் நின்றார். “படம் திரும்பியிருக்கு, டாக்டர். எல்லாப் படமும் திரும்பியிருக்கு. நான்தான் செஞ்சேன். இடப்பக்கம் திறங்க.”

இடப்பக்கம் திறந்தார்கள். கபாலி பிழைத்தார். மூன்றாவது மெமோ தயாரானது. ‘சிறப்பு மையத்தின் படங்களைப் பற்றிப் பொதுவெளியில் அவதூறு பேசியமைக்கு.’

ஓய்வு பெறும் நாளன்று சுப்புராயன் கூப்பிட்டு இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று மூன்றாவது மெமோ. இன்னொன்று கபாலியின் டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் ‘இதயம்: இடப்பக்கம், சாதாரணம்’ என்றிருந்தது.

“கபாலி படம் தப்புன்னா அந்த இருபத்தஞ்சும் தப்புன்னு ஆகும். எக்ஸ்ரே எடுத்தவர்னு இந்தச் சீட்டுல கையெழுத்துப் போடுங்க, மெமோவைக் கிழிச்சிடறேன். அவர்தான் பிழைச்சிட்டாரே, இனிமே எந்தப் பக்கம் இருந்தா என்ன?”

பிரகாசம் பேனாவைத் திறந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மாலையும் சான்றிதழுமாக வாசலுக்கு வந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்ட கபாலி ஆட்டோவோடு காத்திருந்தார். உயிரைக் காப்பாற்றியவரை பஸ்ஸில் அனுப்ப மனசு வரவில்லையாம்.

பட்டினப்பாக்கம் தாண்டியதும் கபாலி கேட்டார்: “நைனா, நாளைக்கு நெஞ்சு வலின்னு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா பண்றது?”

“அந்த டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் காட்டிடாதே கபாலி. அதுல இருக்கறது பொய். எவனோ கூசாம எழுதிக் குடுத்திருக்கான்.”

“அக்காங்,” என்றார் கபாலி, ரோட்டைப் பார்த்தபடி. “கீழ உன் கையெழுத்து கீதே, அத்த நம்பித்தான் நானும் அதுல கையெழுத்து போட்டேன்.”

வீட்டில் ஆணி தயாராக இருந்தது.