இருபத்தொன்றுக்கு மேல் இல்லை

என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்த ஒரே கணிதத் தேற்றம் இருபத்தைந்து நிமிடம் உயிரோடு இருந்தது.

அப்போது போர்ட் பிளேரில் எம்.எஸ்சி. கடைசிப் பருவம். செமினார் நன்றாக அமைந்தால் மெயின்லேண்டில் ஆராய்ச்சிக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். (மனசுக்குள் நான் கப்பலே ஏறிவிட்டேன்.) ரங்கத் என்ற தூரத்து ஊரில் பாத்திரக்கடை வைத்திருந்த, என்னைப் பெற்ற அத்தா, கடையை மூடிவிட்டு முதல் பஸ்ஸில் வந்து, பெருநாள் சட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பலகையில் எழுதினேன்: 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. பிறகு ஈருறுப்புக் கெழுக்கள். அத்தாவுக்காக அதைக் கைகுலுக்கலாக மாற்றினேன். கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஒருமுறை கைகுலுக்கினால், மூன்று பேருக்கு 3, ஏழு பேருக்கு 21. இரண்டும் பலகையில் இருந்தன.

“இருபத்தொன்றுக்கு மேல் இந்த வரிசையில் கைகுலுக்கல் எண்ணே கிடையாது” என்று அறிவித்துப் பலகை நிரம்ப நிரூபித்தேன்.

யாரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி வராத பேச்சுக்கு மதிப்பில்லை என்று முந்தின நாள் அத்தாவிடம் போனில் சொன்னது நான்தான். அவர் எழுந்தார்.

“ஏக் சவால் ஹை” என்று, ஒரு கேள்வி இருப்பதாகச் சபைக்காக இந்தியில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். “இந்த ரூம்ல பதினோரு பேர் இருக்கோம்மா. நாம கைகுலுக்குனா எத்தன வரும்?”

மகளுக்குச் சுலபமானதாகப் பார்த்துக் கேட்டிருந்தார். நானும் உற்சாகமாகப் பெருக்கினேன்.

“பதினொண்ணு பெருக்கல் பத்து, அதுல பாதி. அம்பத்தஞ்சு, அத்தா.”

அத்தா பக்கத்திலிருந்தவரைப் பெருமையாகப் பார்த்தார். பேராசிரியை மெல்ல எழுந்து வந்து, பலகையில் என் கையெழுத்திலேயே இருந்த 55ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

“யே க்யா ஹை, பேட்டா?” இது என்னம்மா என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டினேன். எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வர்க்க எண் வருகிறதா என்பதுதான் கைகுலுக்கல் எண்ணுக்கு நான் வைத்திருந்த சோதனை. எட்டையும் ஐம்பத்தைந்தையும் பெருக்கிய இடத்தில் 430 என்று இருந்தது. (பத்து குறைவு. அவ்வளவுதான்.)

பஸ் ஸ்டாண்டில் அத்தா தயங்கித் தயங்கிக் கேட்டார். “நான் கேட்டது தப்பாம்மா?”

“இல்லத்தா.”

“பத்துப் பேரா இருந்திருந்தா?”

“நாப்பத்தஞ்சு. தப்பிச்சிருப்பேன்.”

“அப்ப நான் ரங்கத்துலயே இருந்திருக்கணும்” என்றார். முதலில் சிரித்ததும் அவர்தான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. பாதி அழுகைதான்.

கடிதம் கிடைக்கவில்லை. ஐம்பத்தைந்துக்கு மேல் இல்லை என்பதை வேறு யாரோ எப்போதோ ஒழுங்காக நிரூபித்திருந்தார்கள். நான் இப்போது ஹேவ்லாக் தீவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொல்லிவிட்டால், இன்றைக்கு மழை வராது என்றாலும் சரி, என் கணவர் உடனே ரங்கத்துக்குப் போன் போடுகிறார்.

“மாமா, உங்க மக ஒண்ணு நிரூபிச்சிருக்கா. கேள்வி ஏதாவது இருக்கா?”