வெள்ளிக்கிழமைத் தூசி

விருத்தாசலம்
ஞாயிறு மத்தியானம்

பெண்ணாடத்தில் இருக்கும் பானுமதி அத்தைக்கு, வாசுகி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மாவைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே மாமாவும் ஆட்டுக்குட்டிகளும் சௌக்கியம்தானே? நீங்கள் பார்த்துவைத்த ஸ்ரீமுஷ்ணத்து மாப்பிள்ளை வீட்டார், அக்காவைப் பார்க்க வந்து காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனதற்கு நான்தான் காரணம் என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். எனக்கு நேரில் பேச வராது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள்தான் அவர்களைச் சமாதானம் செய்து சம்பந்தத்தை மறுபடி ஒட்டவைக்க வேண்டும்.

எல்லாம் தூசியால் வந்தது. போன வாரம் அமலராணி என்று ஒரு காலேஜ் அக்கா வந்தாள். நாம் வீட்டில் புழங்கும் சோப்பு, பவுடர், கொசுவத்தி, பூச்சி மருந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியில் சேர்கிறதாம், அதை நாம் மூச்சில் இழுத்து, சோற்றோடும் தின்கிறோமாம். அதை ஆராய்ச்சி செய்கிறேன், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை கூட்டாதீர்கள் என்றாள். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "எங்க வூட்டுல என்னா மருந்து இருக்கப்போவுது? இவரு கம்பெனியிலேருந்து சட்டையில கொண்டார்ற பீங்கான் மாவுதான் இருக்குது. வேணுங்கறத அள்ளிக்கிட்டுப் போ கண்ணு" என்றாள். மறுநாளே நீங்கள் போன் செய்து, அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை தேவநாதன் வருகிறார் என்றீர்கள். அம்மா அன்று விடியற்காலையில் வீட்டைச் சுத்தமாகக் கூட்டி, தூசியை ஒரு டப்பாவில் போட்டு மூடி, சோபாவுக்கு வெள்ளை உறை மாட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகுதான் அமலராணி வந்தாள், தோளில் தூசி உறிஞ்சும் மெஷினோடு. அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"வெளக்கு வெச்சாச்சும்மா. வெள்ளிக்கிழமை அதுவுமா வூட்டுக் குப்பைய வெளிய குடுத்தா லட்சுமி போயிடுவா. டப்பாவுல அள்ளி வெச்சிருக்கேன், காலையில வா."

"அதாங்க சரி, எங்க வூட்டுலயும் குடுக்க மாட்டோம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. இரண்டு சம்பந்தியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"வெளிய எடுத்துட்டுப் போவலைங்க. சோபாவுல இருக்கறத மட்டும் உறிஞ்சி இங்கயே வெச்சுட்டு, காலையில வந்து எடுத்துக்கறேன்" என்றாள் அமலராணி. அம்மா வழிவிட்டாள்.

மெஷின் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார். வேர்க்க வேர்க்கச் சாய்ந்திருந்த மாப்பிள்ளையைக் கொஞ்சம் எழச் சொன்னாள் அமலராணி. அவர் தலை இருந்த இடத்தில் வெள்ளை உறைமேல் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு.

"இது என்னாதுங்க? பெயிண்டு எதனா அடிச்சீங்களா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். கேட்டதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

"மாப்ளயோட தலைங்க" என்றேன்.

"ஓ, ஹேர் டை" என்று அவள் எழுதிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்தது தெருவுக்கே கேட்டது.

"எம் புள்ளைக்கு அது பித்த நரைங்க!" என்று கத்தினாள் அவர் அம்மா.

"விடும்மா, நாப்பது வயசுல எல்லாருக்கும் வர்றதுதான" என்றார் மாப்பிள்ளை. நீங்கள் எங்களுக்குச் சொன்னது இருபத்தெட்டு. அப்பா அப்போதுதான் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

தப்பு என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண், நாலு பேர் நடுவில் எதைச் சொல்வது என்று தெரியாது என்று என்னைப் பற்றி எவ்வளவு மட்டமாக வேண்டுமானாலும் அவர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள். அக்கா வாழ்க்கை என்னால் கெடக்கூடாது. மாமாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் வீட்டுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசுகி

பின்குறிப்பு: ஒட்டப்போகும் நேரத்தில் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்ட இடத்தையெல்லாம் அடிக்கச் சொல்கிறாள். கையெழுத்து அழகாக வந்திருப்பதால் எனக்கு மனசு வரவில்லை. நீங்களே அடித்துப் படித்துக்கொள்ளவும். சமாதானம் எதுவும் பேச வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அக்காவே அங்கே வருகிறாள், மீதிப் பன்னிரண்டு வயது எங்கே போயிற்று என்று உங்களிடம் கேட்க. தயவுசெய்து ஊரில் இருக்கவும்.