வணக்கம் மட்டும் சொன்ன புலி

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மயிலாப்பூரில் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு புலியிடம் பந்து பிடிக்கக் கற்ற கதை இது. சிரிக்காமல் யாரையும் எழுந்து போக விடமாட்டேன்.

திங்கட்கிழமை காலை, பி.டி. மிஸ் தபஸ்ஸும் மூன்றாம் வகுப்பு விக்கிக்குப் பந்தை எறிந்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் கையைச் சேர்த்தான். பந்து மூக்கில் பட்டுத் திரும்பி வந்தது. வகுப்பில் பன்னிரண்டு பேருமே அப்படித்தான்.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு மேடம் வராங்கம்மா," என்றார் தலைமையாசிரியர் சிதம்பரநாதன், பிள்ளைகள் முன்னாலேயே. கையில் புது டேப்லெட். "இதுல ஒரு பொம்மைப் புலி வந்து பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும். பசங்க தேறலைன்னா உங்க பீரியடு கணக்குக்குப் போயிடும். நீங்களும் வேற ஸ்கூல் பார்த்துக்க வேண்டியதுதான். இது கீழ விழுந்து உடைஞ்சாலும் அதே கதி!"

கணக்கு ஆசிரியர் சங்கரன் அப்போதே டைம்டேபிளில் 'கணக்கு' என்று பென்சிலால் எழுதி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

தபஸ்ஸும் டேப்லெட்டை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாள். "வணக்கம் குழந்தைகளே!" என்றது புலி. காற்றடித்ததும் டேப்லெட் சரிந்தது.

"மிஸ், வுயுது மிஸ்!" என்று விக்கி அலற, பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி சாய்மா பாய்ந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

செவ்வாயன்று தபஸ்ஸும் அதை வாலிபால் கம்பத்தில் துப்பட்டாவால் கட்டினாள். வணக்கம் முடிவதற்குள் முடிச்சு நழுவியது; கீழே நின்ற ஒரு பையன் தாங்கிக்கொண்டான். புதனன்று பெஞ்சுமேல் நாற்காலி, நாற்காலிமேல் டேப்லெட். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நிமிஷத்துக்கு ஒருமுறை சரிந்தது.

"ரெண்டு ரெண்டு பேரா கீழ நின்னு காவல் இருங்க!"

"நான் மிஸ்!"

"நேத்தே நீ நின்னுகினு இருந்தியே, போடா!"

சண்டை முற்றியதால் பன்னிரண்டு பேருக்கும் முறை போட்டாள். பந்து மூலையில் அநாதையாகக் கிடந்தது.

வியாழனன்று சங்கரனின் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினாள். சைக்கிளே சாய்ந்தது. டேப்லெட்டைப் பிடிக்க நாலு பேர் பாய்ந்தார்கள்; சைக்கிளைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு, ஆதம்பாக்கம் போகிற பஸ்ஸில் தபஸ்ஸுமுக்குக் கண் கலங்கியது. நாலு நாளில் ஒரு பாடம்கூட ஓடவில்லையே!

வெள்ளிக்கிழமை டேப்லெட் கறுத்துக் கிடந்தது. சார்ஜ் போட மறந்திருந்தாள்.

"பரவால்லம்மா, நீங்க பந்தைப் போடுங்க," என்றார் ஆய்வுக்கு வந்த ரத்னா மேடம்.

இந்தத் தடவை தபஸ்ஸும்தான் கண்ணை மூடிக்கொண்டாள். எறிந்தாள். 'டப்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் பந்து விக்கியின் கையில்! மேடமே வாங்கி உயரமாக, கோணலாக, திடீரென்று எறிந்து பார்த்தார். பன்னிரண்டு பேரிடமும் ஒரு பந்துகூடத் தரையைத் தொடவில்லை. சங்கரன் பென்சில் எழுத்தை அழிக்க ரப்பர் தேடிப் போனார்.

"எல்லாம் புலியோட மகிமை மேடம்!" என்று பூரித்தார் சிதம்பரநாதன்.

மேடம் சாய்மாவின் கன்னத்தைத் தட்டினார். "புலி என்ன கண்ணு சொல்லிக் கொடுத்துச்சு?"

"அது வணக்கம் மட்டுந்தான் மேடம் சொல்லும், ஒடனே வுயுந்துடும். பந்து வுயுந்தா எடுத்துக்கலாம். அது வுயுந்தா எங்க மிஸ்ஸு பூடுவாங்க. அதான் கண்ண மூடாம புடிச்சோம்."

உங்கள் வீட்டிலும் எது கை நழுவினாலும், தரை தொடுமுன் தாங்கிக்கொள்ள நாலு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், கண்ணுகளா.