பச்சைப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன்

ஆர்டெல், அயோவா
அக்டோபர், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை மார்வெலுக்கு,

அண்ணன் ஆர்வில் எழுதிக்கொண்டது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே அரிசோனாவில் நீயும், மாப்பிள்ளை டுவெய்னும், நீங்கள் வளர்க்கும் ஆமையும் வெயிலில் வதங்காமல் இருக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேண்டிக்கொண்டேன். நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. உன் அண்ணி பெர்னிஸ் போன பிறகு இந்தத் தனிக்கட்டையைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள ஒரு தங்கை இருக்கிறாளே என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. பின்னறைக்கு எனக்காகப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பதாக டுவெய்ன் சொன்னார். இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பனி விழுமுன் வந்துவிடுவேன் என்று சொன்ன சொல்லில் மாற்றமில்லை. போன வாரமே வந்திருக்கவேண்டியவன் ஏன் வரவில்லை என்று போனில் கத்தினாய் அல்லவா, அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய்.

காரணம் ஒரு பாத்திரம். சிரிக்காதே. மார்ச் மாதம் பெர்னிஸை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசல் படியில் கால் வைக்க இடமில்லை, அத்தனை சாப்பாடு. உருளைக்கிழங்கும் கோழியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து ஓவனில் வேகவைத்ததே பாதிக்குமேல். நான் இரண்டு மாதம் அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் நான் உயிரோடு இருந்தது இந்த ஊர் சமைத்துப் போட்டதால்தான், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் சாப்பிட்டு முடித்தால் பாத்திரம் மிஞ்சுகிறதே! பெர்னிஸ் இருந்தால் அவள் பாட்டுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பாள். நான் கழுவிக் கழுவி நிலவறையில் அடுக்கினேன். இப்போது ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் பாத்திரங்களைக் கொடுக்காமல் கிளம்ப முடியுமா? கொடுப்பதென்றால் வெறும் பாத்திரமாகக் கொடுக்க முடியுமா? ஒருமுறை வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட அந்தப் பால்பண்ணைக் குடும்பத்தைப் பற்றி நம் அம்மா எத்தனை வருஷம் பேசினாள் என்று உனக்கே தெரியும்.

அதனால் செப்டம்பரில் ஆப்பிள் கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய கை, மாவு பிசைந்தால் எப்படி இருக்கும்? முதல் கேக்கைக் கொல்லையில் வைத்தேன். அணில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது கேக் தேறியது. அதிலிருந்து தினமும் சுட்டு, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து, ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்தேன். போனால் உடனே வரமுடிகிறதா? நம் ஊரில் விடைபெறுவது உனக்கு மறந்திருக்கும். நாற்காலியில் ஒரு முறை, கதவருகே ஒரு முறை, கார் கண்ணாடியை இறக்கவைத்து ஒரு முறை. கடைசியில் கார் நகரும்போது, வழியில் சாப்பிட என்று இன்னொரு பாத்திரத்தை மடியில் வைத்துவிடுகிறார்கள். நான் அரிசோனாவுக்குப் போகிறவன், எதிர்த் தெருவுக்குப் போகிறேன் என்றா நினைத்தார்கள்? ஒரு பாத்திரத்தோடு போகிறேன், இரண்டோடு வருகிறேன். நிலவறை இப்போது மார்ச்சில் இருந்ததைவிட நிறைந்து கிடக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டு ஒரு மாதம் ஆகிறது. போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள். போகாதே என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயைத் திறந்து சொல்லவில்லை. பக்கத்து வீட்டு கில்பர்ட் வேலியருகே நின்று அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி, இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“அங்க வெயில் ஜாஸ்தியாமே?” என்றான்.

“ஆமா.”

“ஆனா புழுக்கம் இருக்காதாம்.”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தான். இருபது குளிர்காலம் அவன் வீட்டு வாசல் பனியை நான் தள்ளியிருக்கிறேன், மார்வெல். கிடைத்தது பீட்ரூட்.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரு பச்சைக் கண்ணாடிப் பாத்திரம் மட்டும் பிளாஸ்திரி இல்லாமல் நின்றுவிட்டது. அடக்கத்துக்கு மறுநாள் காலையில் யாரோ படியில் வைத்துவிட்டுப் போனது. உள்ளே கோழியும் நூடுல்ஸும். அத்தனை சாப்பாட்டிலும் அதைத்தான் நான் அழாமல் சாப்பிட்டேன், ஏனோ தெரியவில்லை. அதைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் போனால் எனக்கு அங்கே தூக்கம் வராது. அதில் ஒரு கேக்கை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பினேன்.

முதலில் நார்ட்க்விஸ்ட் பண்ணைக்குப் போனேன். பாத்திரத்தைப் பார்த்ததும் நார்ட்க்விஸ்ட்டின் மனைவி ஐரீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்களுடையதில்லை, ஆனால் எங்கள் களஞ்சியம் எரிந்த வருஷம் இதில்தான் பீன்ஸ் வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது, நாங்கள் அதை மருந்துக்கடைக்காரருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது கொடுத்துவிட்டோம் என்றாள். மருந்துக்கடையில் கேட்டால், எங்களுடையதில்லை, கல்லூரியில் லத்தீன் சொல்லித்தரும் டீல் வாத்தியார் காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது அவர் வீட்டுக்கு அனுப்பினோம் என்றார்கள். கல்லூரிக்காரர்கள் கையில் பாத்திரம் போனால் அவர்கள் ஓய்வு பெறும்போதுதான் திரும்பும். கெட்டவர்கள் இல்லை பாவம், வெளியூர்க்காரர்கள், யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. டீல் வாத்தியார் என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனார். அந்தப் பாத்திரத்தில் பதினோரு வருஷம் கள்ளிச்செடி வளர்த்தாராம். பிறகு ஒருநாள் யாரோ விஷயத்தைச் சொல்ல, அவமானம் தாங்காமல் அதைத் தேய்த்துக் கழுவி, கடையில் வாங்கிய பிஸ்கட்டை நிரப்பி, எந்த வீட்டில் விளக்கு எரிந்ததோ அந்த வீட்டில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாராம்.

அதோடு விடாமல் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு ஊர்ச் சரித்திரத்தை வேறு ஆரம்பித்தார். கல்லூரி வாசலில் நிற்கிற விட்லாக் பாதிரியார் சிலையின் கையில் இருந்தது பைபிளா, பானையா என்கிற பழைய சண்டைதான். புயலில் கையில் இருந்தது மட்டும் உடைந்து விழுந்ததிலிருந்து கல்லூரி பைபிள் என்கிறது, ஊர் பானை என்கிறது. நமக்குத் தெரியாதா? அந்த மனுஷர் மேற்கே பெரிய ஆற்றங்கரையில் கல்லூரி கட்டப் புறப்பட்டவர். வழியில் இங்கே ஒரு குடியானவள் பீன்ஸ் கொடுத்த பானையை மறதியாக வண்டியில் போட்டுக்கொண்டு போய், மூன்று நாள் பயணம் போன பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தார். வந்த இடத்தில் ஆறு பெருகிவிட்டது, அப்புறம் பனி விழுந்துவிட்டது, சும்மா இருக்கப் பிடிக்காமல் களஞ்சியத்தில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் களஞ்சியம்தான் கல்லூரி. இதை டீல் வாத்தியாரிடம் சொன்னால், “இதுக்கு ஆதாரம் கிடையாது ஆர்வில்,” என்கிறார். கள்ளிச்செடி வளர்த்தவர் பேசுகிற பேச்சைப் பார்.

கடைசியில் கோவில் அடித்தளச் சமையலறைக்குப் போனேன். வெர்னா ஸ்டக்கியை ஞாபகமிருக்கும், பெர்னிஸின் கூட்டாளி, இப்போது அந்தச் சமையலறை முழுக்க அவள் ஆட்சிதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். விளிம்பில் கண்ணாடிக்குள் ஒரு சின்னக் குமிழி இருக்கிறது, அதை விரலால் தடவினாள்.

“இத தூக்கிக்கிட்டா ஊரெல்லாம் சுத்துறீங்க? இது உங்க வீட்டுதுண்ணே.”

நான் பாத்திரத்தைத் திரும்ப வாங்கி அந்தக் குமிழியைத் தேடிப் பார்த்தேன்.

“உங்க கல்யாணத்துக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். இந்தக் குமிழியக் காட்டித்தான் கடைக்காரன்கிட்ட விலையக் கொறச்சேன். என் மூத்தவன் பொறந்தப்ப பெர்னிஸ் இதுல சாப்பாடு கொண்டாந்தா. நான் திருப்பிக் குடுக்கப் போனா வாங்கல. வேற யாருக்காச்சும் தேவைப்படும், அங்க குடுன்னுட்டா.”

“அப்ப பேரு எழுதி ஒட்டியிருக்கலாம்ல?” என்றேன்.

“கேட்டேனே. பேரு ஒட்டினா திரும்பி வந்துருமேடின்னா.”

மார்ச்சில் அதைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று வெர்னாவுக்கும் தெரியவில்லை. யார் வீட்டுப் பாத்திரம் என்று தெரியாமலேயே யாரோ அதை என் வீட்டுப் படியில் வைத்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் எத்தனை நாள் அதிலிருந்து சாப்பிட்டிருப்பேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை பார். சாப்பாட்டைத்தான் பார்த்திருக்கிறேன், பாத்திரத்தைப் பார்த்ததில்லை. அந்த அடித்தளத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், மார்வெல். வெர்னா வெங்காயத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், யாராவது வந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக.

ஆக, பச்சைப் பாத்திரம் என்னுடையது. யாருக்கும் நான் அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. மற்றவற்றை கில்பர்ட் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். இனி எனக்கு இங்கே வேலை இல்லை. வருகிற சனிக்கிழமை விமானத்தில் கட்டாயம் ஏறிவிடுவேன், டுவெய்னை விமான நிலையத்துக்கு வரச்சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குளிர்ந்த தண்ணீரோடும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். ஆமைக்கு என் அன்பு.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஆர்வில்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. எதிர் வீட்டுக்கு டெக்சாஸிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், ரெபெக்கா சலீனாஸ், கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறாள். இன்னும் பனிக்காலப் பூட்ஸ்கூட வாங்கவில்லை. ஊரெல்லாம் சுற்றிய கேக் கெட்டுப்போகுமே என்று அந்தப் பச்சைப் பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள், கதவருகே அரைமணி நேரம்கூடப் பேசவில்லை, ஒன்றுமே தெரியாத பெண். பாத்திரம் திரும்பி வரும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால் அவள் என்ன நினைப்பாள்? மேலும், வாசலில் நட்டிருந்த பலகையைக் காணோம். விட்லாக் பாதிரியார் கையில் இருப்பதாக கில்பர்ட் சொல்கிறான். அவன் பூட்ஸ் முழுக்கச் சேறு. டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று டுவெய்னை விசாரிக்கச் சொல், உன் பின்னறையைப் பார்க்க பிப்ரவரியில் பத்து நாள் வந்துபோகிறேன். அவசரமில்லை, மெதுவா குடும்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கல்லூரிக்காரிதான், ஆனால் பார்த்தால் பொறுப்பான பெண்ணாகத் தெரிகிறாள். எங்கே சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடுவாளோ என்றுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.