டாக்டர் எம். சிஎச். குண்டு

எதையும் சரிபார்க்காமல் செய்ய மாட்டேன் என்று பீற்றிக்கொள்பவர்களை நம்பாதீர்கள். நானும் அந்தக் கட்சிதான். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. பிழைப்பும் தணிக்கை அலுவலகத்தில். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளம். அப்படிப்பட்டவள்தான் என் முகத்தைக் கொண்டுபோய் டாக்டர் குண்டுவிடம் கொடுத்தேன். அதுவும் சரிபார்த்துவிட்டு. (குண்டு என்பது வங்காளிகளின் குடும்பப் பெயர். ஆள் ஒல்லி.)

அப்போது கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. லேக் கார்டன்ஸில் ஒரு மாஷிமா வீட்டு மாடியில் குடியிருந்தேன். (மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா. வீட்டுக்கார அம்மாளை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்.) என் மேலுதட்டுக்கு மேலே, இடது பக்கம், கடுகளவு ஒரு மச்சம். இரண்டு வரன்கள் தட்டிப்போனதற்கு அதுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். (என் வாய்தான் காரணம் என்பது அம்மாவின் தீர்ப்பு.) மூன்றாவது வரன் தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் மச்சம் போயாக வேண்டும்.

கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் பெரியப்பா மகள் வித்யா அக்கா போனில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"பிளாஸ்டிக் சர்ஜன்னா எம்.சிஎச். படிச்சிருக்கணும்டி. அது இல்லாதவன மூஞ்சில கை வைக்க விடாத. மெடிக்கல் கவுன்சில் லிஸ்ட்ல பேர் இருக்கான்னும் பாத்துக்கோ."

பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் அந்தப் பலகையைப் பார்த்தேன். 'டாக்டர் எம். சிஎச். குண்டு. முக அழகு சிகிச்சை.' அக்கா சொன்ன அதே எழுத்துகள். பட்டம் ஏன் பெயருக்கு முன்னால் வருகிறது என்று தணிக்கை மூளை ஒரு கணம் முரண்டு பிடித்தது. பருப்பில் சர்க்கரை போடுகிற ஊரில் பட்டம் முன்னால் வந்தால் என்ன என்று அதை அடக்கினேன். நம் ஊர் இனிஷியலில் 'சிஎச்' எங்கே வரும்? ஆகவே அது படிப்புதான். கவுன்சில் பதிவேட்டிலும் குண்டு என்று தட்டிப் பார்த்தேன். வரிசையாகக் குண்டுகள் வந்து விழுந்தன. அவர்களில் ஒருவர் இவராகத்தான் இருப்பார் என்று கோப்பை மூடினேன்.

குண்டு ரொம்ப மரியாதையானவர். கேள்வியே கேட்கவில்லை. "ஏக்டு ஜாலா கோர்பே" என்று சொல்லிவிட்டு ஏதோ கருவியை வைத்தார். கொஞ்சம் எரியும் என்று அர்த்தமாம். அது எனக்கு எரிந்த பிறகுதான் புரிந்தது. அடுப்பில் தலைமுடி விழுந்த நாற்றம் அடித்தது. அந்த முடியின் சொந்தக்காரி நான்தான்.

பொருக்கு உதிர்ந்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். கடுகு இருந்த இடத்தில் அவரைக்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு பள்ளம். உதட்டை வேறு மேலே இழுத்துப் பிடித்திருந்தது. ஏரிக்கரைக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காதல் தோல்வி என்று நினைத்தாரோ என்னவோ, பொரிக்காரர் ஒரு பொட்டலம் ஜால்முரியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த மிளகாய் புண்ணில் பட்டதில், நிறுத்தியிருந்த அழுகையை மறுபடி ஆரம்பித்தேன்.

சண்டை போட மாஷிமாவை அழைத்துக்கொண்டு பவானிபூருக்குப் போனேன். (எனக்குத் தெரிந்த வங்காளத்தில் காய்கறிதான் வாங்க முடியும்.) என்ன படிப்பைப் பார்த்து இவனிடம் வந்தாய் என்று மாஷிமா என்னைக் கேட்டார். பலகையில் 'எம். சிஎச்.' என்பதைக் காட்டினேன். மாஷிமா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, 'சிஎச்'னா சந்திர, வெறும் சந்திர. நடுப்பேரு. நம்ம வாசல்ல உங்க மேஷோ பேர்லயும் இருக்கே" என்றார், எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக.

மேஷோ என்பது அவருடைய காலமான கணவர். வாசல் பலகையில் 'என். சிஎச்.' என்று போட்டிருக்கும். தினமும் அதைக் கடந்துதான் ஆபீஸ் போனேன். அவரும் ஏதோ பெரிய படிப்புப் படித்தவர் என்று மனதுக்குள் மரியாதை வேறு வைத்திருந்தேன்.

மாணிக் சந்திர குண்டு கோபப்படவே இல்லை. அது தன் அப்பா வைத்த பெயர், படிப்பு என்று தான் யாரிடமும் சொன்னதில்லை என்றார். அப்படியானால் 'டாக்டர்'? அது வருகிறவர்கள் அன்பாக வைத்த பெயராம். அவர் படித்தது காமர்ஸ்.

பிறகு உண்மையான எம்.சிஎச். ஒருவரைப் பார்த்தேன். அவருக்குப் பட்டம் பெயருக்குப் பின்னால் இருந்தது. மச்சத்தைச் சும்மா விட்டிருக்கலாம், எடுத்தால் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும், இப்படிச் சுட்டிருக்கவே கூடாது என்றார். இழுப்பு முழுசாகப் போகாது என்றும் சொன்னார். தை பிறந்தது. எனக்குப் பல்வலி என்று அப்பா பொய் சொல்லி, பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார். அந்த வரன் பிறகு வரவே இல்லை. அப்படி ஒரு மாதம் எதிரிக்கும் வேண்டாம். லைட்டை அணைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவேன்.

ஒரு வருஷம் கழித்து, கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன் என்று இன்னொரு வரன் வந்தது. பெயர் எம்.டி. சரவணன். அப்பா ஒரு முறை சூடு பட்டவர். பையனின் அப்பாவிடம் போனில் நேராகவே கேட்டுவிட்டார்.

"இந்த எம்.டி. இனிஷியலா, படிப்பாங்க?"

இனிஷியல்தான். ஊர் மாயவரம், தகப்பனார் தட்சிணாமூர்த்தி. முன்கூட்டியே சரிபார்த்துச் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கல்யாணம்.

இன்றும் எனக்குத் தலைவலி என்றால் இவர் அக்கறையாக ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவார். பாதி வங்காளம் பேசும் எங்கள் மகள் அந்தக் கேள்வியை மட்டும் சுத்தத் தமிழில் கேட்பாள்: "அப்பா, நீங்க இனிஷியலா, படிப்பா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உதட்டின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வரும்.