கழியாத துடக்கும் கதிரியக்காவின் வேலையும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே கதிரியக்க இரசாயனவியலில் வேலை பார்க்க விரும்பிய ஒரேயொரு மனிதப் பிறவியை வீட்டுக்கு அழைத்துச் செல்வதற்காக அவருடைய தகப்பனார் வந்து இறங்கினார். 'ஒரேயொரு' என்பதை மிகையென்று கொள்ள வேண்டாம். இரண்டாவதாக ஒருவர் இருந்திருந்தால் கதிரியக்கா அவரைத் தேடிப்பிடித்து எங்கள் அறைக்குக் கூட்டி வந்திருப்பார். நான் அந்த அறையில் உறங்கியிருக்கவே முடியாது.

கதிரியக்கா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தின் பின்புறத்து ஒழுங்கையில், பவளம் மாமியின் வீட்டில் வாடகைக்கு இருந்த மாணவிகள் நாங்கள் கதிரியக்கத்தையும் அக்காவையும் ஒட்டவைத்துச் சூட்டிய பெயர். அவர் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் முடித்து, பெறுபேறும் வந்த பிறகு, வேலை கிடைக்கும்வரை அறையை விடுவதில்லை என்று இருந்தவர். நான் தமிழ் இலக்கிய மாணவி. எங்கள் இருவரையும் ஓர் அறையில் விட்டதற்கு மாமி சொன்ன நியாயம் எளிமையானது: "ஒண்டு வாயே திறக்காது, மற்றது வாயே மூடாது. சரியா வரும்."

தம் துறைக்கு வேலை இல்லை என்று எவரேனும் சொன்னால் கதிரியக்காவுக்குப் பொறுக்காது.

"பழைய பாடப்புத்தகத்திலை இதுக்குக் கதிர்த்தொழிற்பாடு எண்டு பேர். பேரிலையே தொழில் இருக்கிற பாடம் வேறை எது? சொல்லும் பாப்பம்."

நான் யோசித்துச் சொல்வதற்குள் அவரே அடுக்கத் தொடங்கிவிடுவார். நோயாளியின் உடம்பில் ஏற்றிப் படம்பிடிக்கும் கதிரியக்க மருந்தைக் காலையில் ஆஸ்பத்திரியிலேயே தயாரிக்க ஓர் ஆள் வேண்டும். கப்பலில் வந்திறங்கும் பால்மாவைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எந்தக் காலத்து மழை என்று கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும். பெருமூச்சோடு முடிப்பார்: "எல்லா இடத்திலையும் ஒரே ஒரு ஆள்தான் வேணும். அதுதான் பிரச்சினை."

பீடத்தில் ஒருமுறை தொழில் வழிகாட்டற் கண்காட்சி நடந்தது. வங்கிக்காரரும் ஆடைத் தொழிற்சாலைக்காரரும் காப்புறுதிக்காரரும் மேசை போட்டிருந்தார்கள். கதிரியக்கா ஒவ்வொரு மேசையாகச் சென்று, கதிரியக்கத்தில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். வங்கிக்காரர் சேமிப்புக் கணக்குத் திறந்து தருவதாகச் சொன்னார். ஆடைத் தொழிற்சாலைக்காரர் தைக்கத் தெரியுமா என்றார். காப்புறுதிக்காரர் மட்டும் கடமையுணர்ச்சி உள்ளவர். பத்திரத்தை விரித்து, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துகளில் விரலை ஓட்டினார்.

"இருக்குது தங்கச்சி. 'கதிரியக்கத்தால் நேரும் எந்த இழப்புக்கும் நாம் பொறுப்பல்லோம்.'"

அன்று மாலை அறைக்கு வந்த கதிரியக்காவின் முகத்தில் தேர் கண்ட மகிழ்ச்சி. "பாத்தீரோ? அவையின்ரை பத்திரத்திலையும் எங்கடை துறை இருக்கு!"

இறுதி வருட ஆய்வுக்காக மீன்களில் இயற்கையாக உள்ள கதிரியக்கத்தை அளக்கவேண்டும் என்று மயிலிட்டித் துறைக்குப் போனபோது என்னையும் இழுத்துச் சென்றார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், ஒவ்வொரு மீனும் கடலின் எந்த இடத்தில் பிடிபட்டது என்று விசாரித்தார்.

"தங்கச்சி, மீனிட்டை நாங்கள் விலாசம் கேக்கிறதில்லை" என்றார் அவர். "சரி, உதைக் கொண்டுபோய்ப் பொரிக்கவோ, குழம்பு வைக்கவோ?"

"இல்லை அண்ணை. எரிச்சுச் சாம்பலாக்க."

"என்ரை மனுசியும் உதைத்தான் செய்யிறவ. ஆனா அவவுக்கு ஒருத்தரும் பட்டம் குடுக்கேல்லை."

மீனோடு திரும்பிய நேரம் ஆய்வுகூடம் பூட்டியிருந்தது. கதிரியக்கா பொதியை மாமியின் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று வெள்ளிக்கிழமை. எந்த நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் படாத குசினி அது. வெள்ளிக்கிழமை என்றால் மச்சம் என்ற சொல்லே படாது. மாமி போட்ட கூச்சலில் அயல்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.

"இது மச்சமில்லை மாமி" என்று கதிரியக்கா மிகுந்த பணிவோடு விளக்கினார். "இது ஆய்வுக்கு எடுத்த மாதிரி."

இப்படிப்பட்டவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று அரசாங்கத்தின் பட்டதாரி நியமனம். ஊருக்கு அண்மையிலுள்ள பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அங்கே அதே பதவியில் அவருடைய பெரியம்மாவின் மகன் ஏற்கெனவே இருந்தார். அவர் கூற்றின்படி பதவி உண்டு, கதிரை இல்லை. காலையில் முந்தி வருபவர்கள் இருப்பார்கள், மற்றவர்கள் யன்னலோரம் நின்று அபிவிருத்தி செய்வார்கள். மற்றது, கொழும்பில் ஒரு மருத்துவமனையில் கதிரியக்க மருந்து தயாரிக்கும் பயிலுநர் வேலை. உலகில் எங்கோ தமக்காகக் காலியாக இருக்கிறது என்று அவர் நம்பிவந்த அந்த ஓர் ஆளின் இடம்.

இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதைப் பொறுப்பேற்கவைக்கத்தான் தகப்பனார் வந்திருந்தார். கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்பவர். மாமி தேத்தண்ணி கொடுத்து விறாந்தையில் இருத்தினார். எங்கள் அறைக்கதவு விறாந்தைக்குத் திறப்பது. நான் உள்ளே புத்தகத்தோடு இருந்தேன்; பக்கம் திருப்பவில்லை.

"நாளைக்குக் காலமை வேலை பாரமெடுக்கவேணும். வெளிக்கிடு பிள்ளை."

"நான் கொழும்புக்குப் போறன் அப்பா."

"அதிலை பென்சன் இருக்கோ?"

"இல்லை. ரெண்டு வருச ஒப்பந்தம்."

"பென்சனும் இல்லை, உடம்பிலை நஞ்சும் படும். உதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?"

மாமி தகப்பனாருக்குத் துணைக்கு வந்தார். "தம்பி சொல்லுறது சரி. உந்தக் கதிர் பட்ட கையாலை ஆர் பிள்ளை தண்ணி வாங்கிக் குடிக்கிறது?"

இந்தக் கேள்விக்கு வழக்கமாக அலகுகளும் சூத்திரங்களுமாகப் பதில் சொல்லித் தோற்பவர், அன்று சூத்திரங்களை விட்டுவிட்டு மாமியின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்:

"மாமி, துடக்கு எண்டு நினையுங்கோ."

துடக்கு என்பது பிறப்பும் இறப்பும் நேர்ந்த வீட்டார் கோயிலுக்கும் நல்ல காரியங்களுக்கும் போகாமல் ஒதுங்கியிருக்கும் காலம். மரணம் என்றால் முப்பத்தொரு நாள். உறவு தள்ளத் தள்ள நாள் குறையும். இந்தக் கணக்கில் எங்கள் ஊரார் அனைவருமே சிறப்புப் பட்டதாரிகள்.

"கிட்டத்து ஆக்களுக்குத் துடக்குக் கூட, தூரத்து ஆக்களுக்குக் குறைய. கதிரும் உப்பிடித்தான். தள்ளி நிண்டாக் குறையும், நேரம் போனாக் கழியும்."

விஞ்ஞானத்தின் பக்கம் மாமி கதிரையை நகர்த்தியதை அன்றுதான் கண்டேன். "அப்ப எத்தினை நாள்?"

"நாள் கணக்கே இல்லை. நான் செய்யப்போற மருந்து ஆறு மணித்தியாலத்திலை அரைவாசி கழிஞ்சிடும்."

"முப்பத்தொண்டு இல்லையோ?" மாமியின் குரலில் சிறிது ஏமாற்றம். "அப்ப பரவாயில்லாத துடக்குத்தான்."

தகப்பனார் கோப்பையைக் கீழே வைத்தார். அவரும் இறங்கி வருகிறார் என்று தெரிந்தது. "ஆறிலை அரைவாசி எண்டா, பன்னிரண்டு மணித்தியாலத்திலை முழுக்கக் கழிஞ்சிடும்."

ஓம் என்று ஒரு சொல் போதும். கொழும்பு கிடைத்துவிடும். கதிரியக்கா ஒரேயொரு பொய் சொல்லவேண்டும் என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து வேண்டிக்கொண்டேன்.

"இல்லை அப்பா. பன்னிரண்டிலை காவாசி மிஞ்சும். பதினெட்டிலை அதின்ரை பாதி. பிறகு அதிலையும் பாதி. கணக்கின்படி முழுக்கக் கழியவே கழியாது."

"கழியாத துடக்கோ! சிவ சிவா!" மாமி எழுந்தோடிப்போய்ச் சுவாமியறைக் கதவைச் சாத்தினார். சில நாள்களில் அது இருக்கிறதா இல்லையா என்று கருவிக்கே தெரியாது என்பதைக் கதிரியக்கா மூடிய கதவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

தகப்பனார் மட்டும் அசையவில்லை.

"அப்ப உது சரியான கணக்குத்தான்" என்றார்.

"எது அப்பா?"

"கொம்மா செத்து முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து துடக்குக் கழிச்சவர். இண்டையோடை சரி எண்டு சொல்லித் தட்சணையும் வாங்கிக்கொண்டு போட்டார்." தேத்தண்ணியை எடுத்தார், குடிக்கவில்லை. "எனக்குக் கழியேல்லை. அரைவாசியாச்சுது. இப்ப ஒரு காவாசி வரும். குறையுது பிள்ளை, ஆனா முடியுதில்லை."

தாயார் புற்றுநோயால் இறந்தது கதிரியக்கா உயர்தரம் படிக்கும்போது. என்னிடம் அதை ஒரேயொரு தடவைதான் சொல்லியிருந்தார், அதுவும் ஏதோ ஒரு மருந்தை விளக்கும்போது இடைச்செருகலாக: அந்த மருந்து ஏற்றிப் படம்பிடிக்கத் தாயாரோடு கொழும்புக்குப் போயிருந்ததாகவும், மருந்து தயாராகும்வரை கண்ணாடிக்கு அப்பால் வேலை செய்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும்.

கதிரியக்கா சுவாமியறைக் கதவை விட்டு வந்து, தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்தார். 

"போ" என்றார் தகப்பனார். "இருக்கக் கதிரை இல்லாத கந்தோரிலை நிண்டு என்ன செய்யப்போறாய்? நாளைக்கு ரெயிலிலை கொடிகாமத்திலை நானும் ஏறுறன், இடத்தைப் பாக்கவேணும். ஆனா பென்சன் இல்லையெண்டது எனக்கு ஒருநாளும் கழியாது, சொல்லிப்போட்டன்."

சுவாமியறைக்குள்ளிருந்து மாமி தம் நிபந்தனையை அறிவித்தார்: "கொழும்பாலை வந்தா மூண்டு நாள் கழிச்சுத்தான் என்ரை படலை திறக்கலாம்!"

கதிரியக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன. "பத்து அரைவாழ்வு, பத்துத்தரம் அரைவாசியாகிற நேரம், போனாப் போதும் எண்டுதான் நாங்கள் படிச்சனாங்கள். அது ரெண்டரை நாள். மாமி அதுக்கும் மேலை அரை நாள் பாதுகாப்பு வைச்சிருக்கிறா!"

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதன்முறையாக எட்டு மணி விரிவுரையைத் தவறவிட்டு, அவருடைய பெட்டியின் ஒரு கைபிடியைப் பிடித்தபடி யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்குப் போனேன். அவர் யன்னலோரம் இருந்துகொண்டு, யுரேனியம் எத்தனை பிறவி எடுத்து ஈயமாகிறது என்பதை எனக்குச் சொல்லத் தொடங்கினார். வண்டி நகர்ந்தபோது அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அதை அவர் முடிக்கட்டும் என்று, மேடை முடியும் இடம்வரை நான் கூடவே நடந்தேன்.